விமான டர்பைன் என்ஜின்களின் உமிழ்வைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1960களில் எடுக்கப்பட்ட போயிங் 707 விமானப் படங்களைப் பார்த்தவர்கள், அது மேலெழும்பும்போது நான்கு என்ஜின்களுக்குப் பின்னாலும் நீண்டு கிடக்கும் கரும்புகையை மறந்திருக்க மாட்டார்கள். தொடக்ககால 707 வகைகளில், புறப்படும்போது கூடுதல் உந்துவிசை பெறுவதற்காக என்ஜினுக்குள் நீரைப் பீய்ச்சினார்கள். அந்த நீர் சுடரைக் குளிர்வித்ததால் கரி முழுவதும் எரியாமல் புகையாக வெளியேறியது. அடுத்து வந்த ஜேடி8டி போன்ற என்ஜின்களும் நீரில்லாமலே புகைந்தன. மக்கள் முணுமுணுத்தார்கள், அரசுகள் அழுத்தம் கொடுத்தன, 1970களின் தொடக்கத்தில் அந்த என்ஜின்களின் எரியறைகள் மாற்றப்பட்டன. சுடரின் தொடக்கப் பகுதிக்குக் கூடுதலாகக் காற்றை விட்டதும் கரும்புகை மறைந்தது. ஆனால் அதே மாற்றம் சுடரின் வெப்பத்தை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கூட்டியது.

விமான என்ஜினின் உமிழ்வைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான். "புகை" என்று ஒரே பொருள் கிடையாது. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு காரணத்தால் பிறக்கும் பல மாசுகள் ஒரே குழாய் வழியாக வெளியே வருகின்றன. ஒன்றை அமுக்கினால் மற்றொன்று தலைதூக்கக்கூடும். ஆகவே இந்த வழிகாட்டி, எதைச் செய்யலாம் என்பதைச் சொல்லும்போதெல்லாம், அது எந்த மாசைக் குறைக்கும், எதைக் குறைக்காது, எதைக் கூட்டக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. விமான நிறுவனத்தின் எரிபொருள் அல்லது சுற்றுச்சூழல் பிரிவில் பணியாற்றுபவரையும், விமான நிலையப் பொறியாளரையும், இத்துறையைப் படிக்கும் மாணவரையும் எண்ணி இது எழுதப்பட்டுள்ளது.

படி 1: எந்த மாசு எப்போது பிறக்கிறது என்று பிரித்தறியுங்கள்

ஜெட் ஏ-1 எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. அதில் 1 கிலோ முழுமையாக எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஏறத்தாழ 1.24 கிலோ நீராவியும் உண்டாகின்றன. எரிந்த எடையைவிட வெளியேறும் எடை மிகுவதைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு. காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடைதான் அது. இவ்விரண்டும் எரிதல் சரியாக நடந்ததன் அடையாளமே என்பதால், எரியறையை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் குறையமாட்டா. எரிக்கும் எரிபொருளைக் குறைப்பது அல்லது எரிபொருளின் மூலத்தையே மாற்றுவது என இரண்டே வழிகள்தான் உள்ளன. கந்தக டை ஆக்சைடும் இப்படித்தான். எரிபொருளில் எவ்வளவு கந்தகம் உள்ளதோ அவ்வளவும் வெளியே வரும். ஜெட் ஏ-1 தர வரையறை எடையில் 0.3 சதவீதம் வரை கந்தகத்தை அனுமதிக்கிறது. நடைமுறையில் கிடைக்கும் எரிபொருளில் இதைவிட வெகு குறைவாகவே இருக்கும்.

கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் அரைகுறை எரிதலின் குழந்தைகள். என்ஜின் மிகக் குறைந்த விசையில் ஓடும்போது, காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்பிரசரிலிருந்து வரும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் தாழ்ந்திருக்கும். எரிபொருள் நுண்துளிகளாகச் சிதறாமல் பெருந்துளிகளாக விழும். எரியறைச் சுவரைக் குளிர்விக்க விடப்படும் காற்று சுடரின் ஓரத்தை அணைத்துவிடும். ஆகையால் இவை பெரும்பாலும் ஓடுபாதைக்குச் செல்லும் வழியிலும் வரிசையில் காத்து நிற்கும் நேரத்திலும் பிறக்கின்றன. முழு விசையில் எரிதலின் திறன் 99.9 சதவீதத்தைத் தாண்டிவிடுவதால், அப்போது இவை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

நைட்ரஜன் ஆக்சைடுகளின் கதை நேர்மாறானது. எரிபொருளிலிருந்து அல்லாமல், காற்றிலுள்ள நைட்ரஜன் கடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்வதால் அவை உண்டாகின்றன. இந்த வேதிவழியைச் சோவியத் அறிவியலாளர் யாக்கொவ் ஸெல்டோவிச் 1940களில் விளக்கினார். சுடரின் வெப்பநிலை ஏறும்போது இவ்வினையின் வேகம் சீராக ஏறுவதில்லை. ஓர் எல்லைக்குமேல் தாவிப் பெருகுகிறது. புறப்பாட்டின்போது இன்றைய என்ஜின்களில் எரியறைக்குள் நுழையும் காற்றே 600 டிகிரி செல்சியஸைக் கடந்திருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த மாசு ஏன் முழு விசையின்போது உச்சம் தொடுகிறது என்பது விளங்கும்.

கரித்துகள்கள், சுடருக்குள் எரிபொருள் மிகுந்தும் காற்று குறைந்தும் இருக்கும் இடங்களில் உருவாகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 100 நானோமீட்டரைவிடச் சிறியவை. எடையில் அற்பம், எண்ணிக்கையில் ஏராளம். நுரையீரலுக்கும், உயரத்தில் விமானத்துக்குப் பின்னால் வெண்கோடாக உருவாகும் பனிக்கோடுகளுக்கும் எடையைவிட எண்ணிக்கைதான் முக்கியம்.

படி 2: கணக்கேட்டைத் திறங்கள்

சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, தனது 16-ஆம் இணைப்பின் இரண்டாம் தொகுதியில் என்ஜின் உமிழ்வுக்கான வரையறைகளை வைத்திருக்கிறது. 26.7 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட விசையுள்ள டர்போஃபேன், டர்போஜெட் என்ஜின்களின் வாயு உமிழ்வுகளுக்கே இவை பொருந்தும். தூத்துக்குடிக்கு வந்து போகும் ஏடிஆர் போன்ற, டர்பைன் சுழற்றும் உந்துவிசிறி கொண்ட டர்போபிராப் விமானங்கள் இந்த வரையறைக்குள் வருவதில்லை என்பதைக் கணக்கு எழுதுபவர் மறந்துவிடக் கூடாது.

சான்றிதழுக்காக என்ஜினைத் தரையில் நான்கு நிலைகளில் ஓட்டி அளக்கிறார்கள்: புறப்பாட்டுக்கு 100 சதவீத விசையில் 0.7 நிமிடம், மேலேற்றத்துக்கு 85 சதவீதத்தில் 2.2 நிமிடம், இறங்குவதற்கு 30 சதவீதத்தில் 4 நிமிடம், தரையில் ஊர்வதற்கு 7 சதவீதத்தில் 26 நிமிடம் என்பது கணக்கு. இது 3,000 அடி உயரத்துக்குக் கீழே நடப்பதைக் குறிக்கும். ஒவ்வொரு என்ஜினின் அளவீடுகளும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை பேணும் பொதுத் தரவகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

போயிங் 737-800 விமானத்தில் உள்ள சிஎஃப்எம்56-7பி வகை என்ஜினை எடுத்துக்கொண்டு, அதன் அளவீடுகளைச் சுற்றெண்ணாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். தரையில் ஊரும்போது நொடிக்குச் சுமார் 0.11 கிலோ எரிபொருள். 26 நிமிடத்தில் ஏறத்தாழ 175 கிலோ. புறப்பாட்டில் நொடிக்கு 1.2 கிலோ, ஆனால் 42 நொடிகளே என்பதால் 50 கிலோ. மேலேற்றத்தில் 130 கிலோ, இறக்கத்தில் 80 கிலோ. ஆக ஓர் என்ஜினுக்கு 435 கிலோ அளவில் வருகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு, விமானம் எங்கும் பறக்காமல் தரையில் உருண்ட நேரத்தில் எரிந்தது.

இப்போது அதே எரிபொருளை மாசுவாரியாகப் பிரியுங்கள். தரையில் ஊரும்போது ஒவ்வொரு கிலோ எரிபொருளுக்கும் 19 கிராம் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு வருகிறது. புறப்பாட்டில் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான். கூட்டிப் பார்த்தால் இச்சுற்றின் கார்பன் மோனாக்சைடில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தரையில் பிறந்தது. நைட்ரஜன் ஆக்சைடிலோ நிலைமை தலைகீழ்: புறப்பாட்டில் கிலோவுக்கு 29 கிராம், மேலேற்றத்தில் 22 கிராம், தரையில் 5 கிராமுக்கும் கீழ். மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு, மூன்று நிமிடமே நீடிக்கும் புறப்பாட்டிலும் மேலேற்றத்திலும் பிறக்கிறது. இந்த ஒரு கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்த்தவருக்கு, இனி வரும் படிகளில் எதை எதற்காகச் செய்கிறோம் என்ற குழப்பம் வராது.

உங்கள் விமான நிலையத்துக்கான கணக்கில் 26 நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சான்றிதழுக்கான ஒப்பீட்டு எண். உண்மையான ஊரும் நேரத்தை உங்கள் விமானங்களின் பறப்புத் தரவுப் பதிவிலிருந்து எடுங்கள்.

படி 3: தரையிலிருந்து தொடங்குங்கள்

பணம் குறைவாகவும் பலன் விரைவாகவும் கிடைக்கும் இடம் தரைதான். மேலே சொன்ன விமானத்தில் இரண்டு என்ஜின்களும் ஊரும் நேரத்தை 5 நிமிடம் குறைத்தால், ஒரு பயணத்துக்கு 65 கிலோவுக்கும் மேற்பட்ட எரிபொருளும் அதன் வழி 200 கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடும் மிச்சமாகும். கார்பன் மோனாக்சைடு ஒரு கிலோவுக்கும் மேல் குறையும். வாயிலை விட்டு விமானத்தைப் பின்னுக்குத் தள்ளி ஓடுபாதை முனையில் வரிசையில் நிறுத்துவதைவிட, முறை வரும்வரை வாயிலிலேயே என்ஜின் அணைந்த நிலையில் காக்க வைப்பது இதற்கான எளிய வழி. இதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம், விமான நிலையம், விமான நிறுவனம் மூன்றும் புறப்பாட்டு நேரத்தை ஒரே பட்டியலில் பார்க்க வேண்டும்.

ஒரே என்ஜினில் ஊர்வது அடுத்த வழி. ஓடும் என்ஜின் சற்றுக் கூடுதல் விசையில் இயங்குவதால் அதன் எரிதலும் கொஞ்சம் மேம்படும் என்பது பலரும் கவனிக்காத ஆதாயம். ஆனால் இதைச் சுற்றறிக்கை ஒன்றில் எழுதிவிட்டு அமர்ந்துவிட முடியாது. இரண்டாவது என்ஜினைப் புறப்பாட்டுக்குச் சில நிமிடங்கள் முன்பே தொடங்கிச் சூடேற்ற வேண்டும். தரையிறங்கிய பின் உற்பத்தியாளர் சொன்ன குளிர்வு நேரம் முடிந்த பிறகே அணைக்க வேண்டும். ஈரத் தரை, ஏற்றச் சரிவு, கூர்மையான திருப்பம், பாரமான விமானம் ஆகிய நிலைகளில் விமானி இதை மறுக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். சில புதிய என்ஜின்களுக்குத் தொடங்கும் நேரமே நீளம் என்பதால், குறுகிய ஊர்வழியுள்ள நிலையங்களில் பலன் ஏதும் மிஞ்சாது.

என்ஜினையே தொடங்காமல் ஓடுபாதை அருகே செல்ல, விமானி தானே இயக்கும் டாக்சிபாட் இழுவை வண்டி இருக்கிறது. 2019 அக்டோபரில் டெல்லியில் ஏர் இந்தியா, பயணிகளுடன் கூடிய ஏ320 விமானத்தை இதன் மூலம் நகர்த்தியது. ஊர்வழி நீண்ட பெரிய நிலையங்களுக்கு இது ஏற்றது. சிறிய நிலையத்தில் வண்டியின் விலையே கட்டுப்படியாகாது.

விமானத்தின் வாலில் உள்ள ஏபியு என்னும் துணை என்ஜினை மறக்க வேண்டாம். ஏ320, 737 வகை விமானங்களில் அது மணிக்கு 100 கிலோவுக்குக் குறையாமல் எரிபொருள் குடிக்கும். முக்கால் மணி நேரம் வாயிலில் நிற்கும் விமானம் ஏபியுவை அணைத்துவிட்டு நிலைய மின்சாரத்தையும் குளிர்காற்றுக் குழாயையும் பயன்படுத்தினால் ஏறத்தாழ 80 கிலோ எரிபொருள் மிஞ்சும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தாலும்கூட இது ஆதாயமே, ஏனெனில் ஏபியுவின் திறன் அவ்வளவு மோசம். 2015 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் கொச்சி போன்ற நிலையத்தில் ஆதாயம் இன்னும் தெளிவு. சென்னையின் சித்திரை வெயிலில் மின்சாரத்தை மட்டும் கொடுத்துக் குளிர்காற்றைக் கொடுக்காவிட்டால், எந்த விமானியும் ஏபியுவை அணைக்க மாட்டார். அணைக்கவில்லை என்று அவரைக் கடிவதற்கு முன் குழாய் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

படி 4: என்ஜினைத் தூய்மையாக வைத்திருங்கள்

கம்பிரசர் தகடுகளில் தூசியும் எண்ணெயும் படிந்தால் அதன் திறன் குறையும். அதே உந்துவிசைக்குக் கூடுதல் எரிபொருள் எரிய வேண்டும். வெளியேறும் வாயுவின் வெப்பநிலை உயரும். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் ஒருசேர ஏறும் நிலை இது. சென்னை, மும்பை போன்ற கடற்கரை நிலையங்களில் உப்புக் காற்றும், டெல்லியில் புழுதியும் இந்தப் படிவை விரைவுபடுத்துகின்றன. என்ஜினை எரிபொருள் இல்லாமல் சுழலவிட்டு, கனிமம் நீக்கிய வெந்நீரைக் கம்பிரசர் வாயில் பீய்ச்சிக் கழுவுவதே மருந்து. கிடைக்கும் எரிபொருள் சேமிப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அது ஒவ்வொரு பறப்பிலும் கிடைக்கும் சேமிப்பு. வெளியே வழியும் நீரில் எண்ணெயும் உலோகத் துகள்களும் கலந்திருப்பதால், அதைச் சேகரிக்கும் கருவியோடு கழுவுங்கள். காற்றைக் காக்கப்போய் மண்ணைக் கெடுப்பதில் பொருளில்லை.

கழுவும் இடைவெளியை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், வெளியேற்ற வெப்பநிலையின் போக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கழுவிய பின்னும் அது மீளவில்லை என்றால், தகடு முனைக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். அதைப் பணிமனையில்தான் சரிசெய்ய முடியும்.

எரிபொருள் தெளிப்பான்களைத் தனியாகக் கவனியுங்கள். அவற்றின் முனையில் கரி படிந்தால் தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும். ஓரிடத்தில் எரிபொருள் மிகுந்து கரித்துகளும், இன்னோரிடத்தில் சுடர் மெலிந்து கார்பன் மோனாக்சைடும் பெருகும். அதோடு நின்றால் பரவாயில்லை. வெப்பக் கீற்று ஒன்று நேராக டர்பைன் தகட்டைத் தாக்கி அதன் ஆயுளையும் குறைக்கும். உமிழ்வுக் கணக்கு எழுதுபவரும் பராமரிப்புப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இதுவே.

படி 5: பறக்கும் முறையைத் திருத்துங்கள்

ஓடுபாதை நீளமாகவும் விமானம் இலகுவாகவும் இருந்தால், முழு விசை இல்லாமல் குறைத்த விசையில் புறப்படுவது வழக்கம். என்ஜின் ஆயுளுக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கணிசமாகக் குறைக்கிறது. ஆனால் மேலேற்றம் சற்று நீள்வதால் எரிபொருள் சிறிதளவு கூடலாம். ஊருக்கு நடுவே உள்ள நிலையத்தில் இந்தப் பரிமாற்றம் நியாயமானது என்பது என் கணிப்பு. சுற்றிலும் வயல்வெளி உள்ள இடத்தில் அவ்வளவு அழுத்தம் தேவையில்லை.

இறங்கும்போது படிப்படியாகத் தாழ்ந்து ஒவ்வொரு படியிலும் விசை கூட்டிப் பறப்பதற்குப் பதிலாக, என்ஜின் தாழ்விசையில் இருக்க ஒரே சீராகச் சரிந்து வரும் முறை எரிபொருளை மிச்சப்படுத்தும். விமானி விரும்பினாலும் வான்வெளி நெரிசல் இதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை ஒரு நேரடிக் கணக்கு: சுமக்கும் கூடுதல் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதத்தை ஒவ்வொரு மணி நேரமும் எரிபொருளாகச் செலவிடுகிறோம். இந்தியாவில் விமான எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரி மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுவதால், வரி குறைந்த ஊரில் தொட்டியை நிரப்பி, திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்து செல்லும் பழக்கம் நிலைத்திருக்கிறது. காசுக் கணக்கில் அது லாபம், கரிக் கணக்கில் நட்டம். நிதிப் பிரிவின் கணிப்பொறியில் இரண்டு எண்களும் அருகருகே தெரியும்படி செய்வதே ஒரு சுற்றுச்சூழல் அலுவலரால் இயன்ற உருப்படியான வேலை.

உயரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. குளிர்ந்து ஈரம் செறிந்த காற்றடுக்கில் பறக்கும்போது, வெளியேறும் நீராவி கரித்துகள்களின் மேல் உறைந்து பனிக்கோடாகிறது; அது பரவி மேகமானால் பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எல்லாப் பறப்புகளும் இதை உண்டாக்குவதில்லை. சிறு பங்குப் பறப்புகளே பெரும் பங்குப் பனிமேகத்துக்குக் காரணம் என்பதால், அந்த அடுக்கைச் சில ஆயிரம் அடி ஏறியோ இறங்கியோ தவிர்க்கலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் 70 பறப்புகளில் செய்த சோதனையில் பனிக்கோடுகள் 54 சதவீதம் குறைந்ததாக 2023-இல் அறிவித்தன. அந்தப் பறப்புகளுக்கு எரிபொருள் 2 சதவீதம் கூடியது. இங்கும் ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறுகிறோம்.

படி 6: எரிபொருளை மாற்றுங்கள்

தாவர எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, ஆல்கஹால், வேளாண் கழிவு ஆகியவற்றிலிருந்து செய்யும் நிலைத்த விமான எரிபொருளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: அதை எரித்தால் குழாயிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வராது என்பதே அது. வரும், ஏறக்குறைய அதே அளவு வரும். அந்தக் கார்பன் அண்மையில் செடி காற்றிலிருந்து எடுத்தது என்பதால், உற்பத்தி முதல் எரிப்பு வரையிலான மொத்தக் கணக்கில்தான் குறைவு கிடைக்கிறது. மூலப்பொருளைப் பொறுத்து அது 80 சதவீதம் வரை போகலாம், மிகக் குறைவாகவும் இருக்கலாம்.

குழாயின் முனையிலேயே உண்மையாகக் குறைவது கரித்துகளும் கந்தகமும். சாதாரண மண்ணெண்ணெயில் உள்ள வளையச் சேர்மங்களான அரோமேட்டிக்குகளே, குறிப்பாக நாப்தலீன்கள், கரிக்கு விதை. கொழுப்பிலிருந்து ஹைட்ரஜன் ஏற்றிச் செய்த எரிபொருளில் இவை இல்லை. நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனமான டிஎல்ஆரும் ஏ320 விமானத்துக்குப் பின்னால் பறந்து அளந்தபோது, கலப்பு எரிபொருளால் கரித்துகள்களும் பனித்துகள்களும் 50 முதல் 70 சதவீதம் வரை குறைந்திருந்தன. நைட்ரஜன் ஆக்சைடில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அது சுடரின் வெப்பத்தைச் சார்ந்ததே தவிர எரிபொருளின் பிறப்பிடத்தைச் சார்ந்ததல்ல.

அப்படியானால் ஏன் முழுவதும் இதையே ஊற்றக் கூடாது? தரக்கட்டுப்பாடு இன்று 50 சதவீதக் கலப்பை உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. பழைய என்ஜின்களின் ரப்பர் அடைப்பான்கள் அரோமேட்டிக்கை உறிஞ்சி உப்பியிருப்பதால்தான் கசியாமல் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் சுருங்கி ஒழுகும். ஆகையால் கலந்த எரிபொருளில் குறைந்தது 8 சதவீத அரோமேட்டிக் தேவை. சிறப்பு அனுமதியுடன் முழுக்க மாற்று எரிபொருளில் பறக்க முடியும் என்பதை, 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்த வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 787 காட்டியது. இந்தியாவில் 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டேராடூனின் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் செய்த எரிபொருளை ஓர் என்ஜினில் கலந்து பயன்படுத்தியது.

விலைதான் தடை, மண்ணெண்ணெயைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6 சதவீதம், 2050-இல் 70 சதவீதம் எனக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியா பன்னாட்டுப் பறப்புகளுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம் என்ற இலக்குகளை அறிவித்துள்ளது. கொஞ்சமே கிடைக்கும் எரிபொருளை எங்கே ஊற்றுவது என்பதும் ஒரு கேள்வி: கார்பன் கணக்கு மட்டுமே நோக்கமென்றால் எங்கு ஊற்றினாலும் ஒன்றே, பனிக்கோடும் நோக்கமென்றால், அதை உண்டாக்கும் தடங்களுக்கு ஒதுக்குவது மேல்.

படி 7: எரியறையை அறிந்து என்ஜினைத் தேர்ந்தெடுங்கள்

புதிய என்ஜின் வாங்குபவர் எரியறையின் உள்ளே நடப்பதை ஓரளவாவது அறிந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் மிச்சமின்றி எரிய, 1 கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. இந்தச் சரிவிகிதத்துக்கு அருகில் சுடரின் வெப்பம் உச்சத்தில் நிற்கும். நைட்ரஜன் ஆக்சைடும் அங்கேதான் பெருகும். ஆகவே வடிவமைப்பாளரின் கலை, சரிவிகிதத்தை எப்படித் தவிர்ப்பது என்பதில் அடங்கியிருக்கிறது. எரிபொருள் மிகுந்த பக்கமாகவோ காற்று மிகுந்த பக்கமாகவோ விலகலாம்.

பிராட் அண்ட் விட்னியின் டாலன் வகை எரியறைகள் முதல் பாதையைத் தேர்ந்தவை. முன்பகுதியில் எரிபொருள் மிகுதியாக எரிகிறது. ஆக்சிஜன் போதாததால் அங்கே நைட்ரஜன் ஆக்சைடு குறைவு, கரி மிகுதி. உடனே பக்கத் துளைகள் வழியே பெருங்காற்று பாய்ந்து கலக்கிறது. கலவை சரிவிகிதத்தை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கடந்து காற்று மிகுந்த நிலைக்குத் தாவுகிறது. பின்பகுதியில் கரி எரிந்து தீர்கிறது. கொதிக்கும் பாலைக் கடக்க நேரும் கை, நிற்காமல் கடப்பதைப் போன்றது இது. கலத்தல் எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்மை. சுடர் எளிதில் அணையாது என்பது இதன் பெரும் பலம். கரித்துகளை முழுவதும் எரிக்க முடியாதது இதன் குறை.

இரண்டாம் பாதையில் எரிபொருளும் காற்றும் எரிவதற்கு முன்பே நன்கு கலந்து, காற்று மிகுந்த நிலையிலேயே எரிகின்றன. முதலில் 1990களில் ஜெனரல் எலெக்ட்ரிக், சிஎஃப்எம்56 என்ஜின்கள் சிலவற்றில் இரட்டை வளைய எரியறையைக் கொண்டுவந்தது: தாழ்விசைக்கு வெளி வளையம், உயர்விசைக்கு உள்வளையமும் சேர்ந்து. நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது. ஆனால் ஒரு வளையம் மட்டும் எரியும்போது டர்பைனுக்குச் செல்லும் வெப்பம் ஏறுமாறாக அமைந்தது, எடையும் சிக்கலும் கூடின. அடுத்த தலைமுறையான டாப்ஸ் எரியறையில், இரண்டு சுடர்களையும் ஒரே தெளிப்பானுக்குள் நடுவிலும் சுற்றிலுமாக அடக்கினார்கள். ஜென்எக்ஸ் என்ஜினில் 2011-இல் பணிக்கு வந்த அது, 2016 முதல் லீப் என்ஜினில் ஏ320நியோ விமானங்களிலும் பறக்கிறது. முன்பு 20 துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த லீப் தெளிப்பான் முனை, இப்போது முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கப்படுகிறது.

காற்று மிகுந்த எரிதலில் உயர்விசைக் கரித்துகள் மிக மிகக் குறைவு. ஆனால் சுடர் மெலிந்தது. அணைந்துவிடும் அபாயமும், அழுத்த அலைகளோடு சேர்ந்து அதிரும் இயல்பும் அதற்கு உண்டு. அந்த அதிர்வு வலுத்தால் எரியறைச் சுவரையே பிளந்துவிடும். சென்னை ஐஐடியில் உள்ள தேசிய எரிதல் ஆய்வு மையம் உட்பட உலகின் பல ஆய்வகங்கள் இந்த அதிர்வை முன்கூட்டியே உணர்வது எப்படி என்று ஆராய்கின்றன.

தரையில் நிற்கும் மின்நிலைய டர்பைன்களில் சுடருக்குள் நீர் தெளித்தோ, புகைபோக்கியில் வினையூக்கி வைத்தோ நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிறார்களே, விமானத்தில் ஏன் கூடாது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எடைதான் காரணம். நீரைச் சுமக்க எரிபொருள் எரிய வேண்டும். வினையூக்கிக்கோ பெரிய அறை வேண்டும், அமோனியா வேண்டும், வெளியேற்றத்துக்குத் தடையும் நேரும்.

தரவகத்தில் என்ஜின்களை ஒப்பிடும்போது ஏமாற வைக்கும் கண்ணி ஒன்று இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுக்கான எல்லை, கம்பிரசர் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்னும் மொத்த அழுத்த விகிதம் ஏற ஏறத் தளர்கிறது. அழுத்த விகிதம் உயர்ந்தால் எரிபொருள் குறையும், ஆனால் காற்று கூடுதலாகச் சூடேறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும் என்பதால் வைத்த சலுகை அது. எல்லைக்குக் கீழே இத்தனை சதவீதம் என்று விளம்பரம் செய்யும் என்ஜின், கிராம் கணக்கில் மற்றொன்றைவிடக் கூடுதலாக உமிழக்கூடும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஒரு கிலோநியூட்டனுக்கு எத்தனை கிராம் என்ற நிரலைப் பாருங்கள். 2014 முதல் புதிய வகைகளுக்குப் பொருந்தும், ஐகாவோவின் சுற்றுச்சூழல் குழு வகுத்த சிஏஇபி/8 என்னும் நைட்ரஜன் ஆக்சைடு எல்லையையும், 2023 முதல் நடப்பிலுள்ள கரித்துகள் எடை, எண்ணிக்கை எல்லைகளையும் சேர்த்தே பாருங்கள்.

புறவழி விகிதம் என்ஜின் தேர்வின் மறுபாதி. எரியறை வழியாகச் செல்லாமல் விசிறியால் மட்டும் தள்ளப்படும் காற்று, எரியறை வழியாகச் செல்லும் காற்றைப்போல சிஎஃப்எம்56-இல் 5 முதல் 6 மடங்கு. லீப்பில் 9 முதல் 11. பல்சக்கரம் பூட்டிய பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ1100ஜி-இல் சுமார் 12. பெருங்காற்றை மெதுவாகத் தள்ளுவது, சிறுகாற்றை விரைவாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம் என்பதால், ஏ320நியோ முந்தைய ஏ320-ஐவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக எரிக்கிறது. உறையே இல்லாத விசிறியை நோக்கி 2021-இல் சிஎஃப்எம் நிறுவனம் அறிவித்த ரைஸ் திட்டம் மேலும் 20 சதவீதத்தைக் குறிவைக்கிறது.

ஹைட்ரஜனை இந்தப் படியில் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். 1988 ஏப்ரலில் சோவியத்தின் டியூ-155 ஓர் என்ஜினில் திரவ ஹைட்ரஜனை எரித்துப் பறந்துகாட்டியது. கார்பன் டை ஆக்சைடும் கரியும் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு உண்டு, நீராவி கூடுதல், தொட்டி நான்கு மடங்கு பெரிது. இன்று விமானம் வாங்குபவரின் முடிவில் அதற்கு இடமில்லை.

படி 8: குறைந்ததா என்று சரிபாருங்கள்

ஒரு பறப்பில் எரிபொருள் குறைந்தது என்பதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. ஒரு நாள் எதிர்க்காற்று, கழுவலின் மொத்தப் பலனையும் விழுங்கிவிடும். அதே விமானம், அதே தடம், ஒத்த எடை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பல வாரங்கள் என்று வைத்து ஒப்பிடுங்கள். அன்றாடப் பறப்பின்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடை நேரடியாக அளக்க இயலாது. தரைச் சான்றிதழ் எண்களை உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பத் திருத்தும் போயிங் எரிபொருள் ஓட்ட முறை 2 பரவலாகப் பயன்படுகிறது.

கார்பன் டை ஆக்சைடுக்கு அறிக்கை எழுதும்போது, 2027 முதல் பன்னாட்டுப் பறப்புகளின் கார்பன் உமிழ்வுக்கான ஐகாவோவின் கோர்சியா திட்டத்தின் ஈடுசெய்யும் கடமை இந்தியாவுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். மாற்று எரிபொருளை அதன் தொகுதிச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டுமே வரவு வையுங்கள். அதே தொகுதியை விற்பனையாளரோ வேறு நிறுவனமோ தன் கணக்கிலும் எழுதவில்லை என்று எழுத்தில் பெறுங்கள். கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, கரித்துகள் ஆகிய நான்கையும் நான்கு தனி நிரல்களில் எழுதி, ஒன்று கூடி மற்றொன்று குறைந்த மாதங்களை அப்படியே தெரியும்படி விடுங்கள். அந்த மாதங்களின் பதிவேட்டைத்தான் அடுத்த கூட்டத்தில் பராமரிப்புப் பிரிவும் விமானிகளும் முதலில் கேட்பார்கள்.